இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் கடற்படை ஆவணங்கள்: அசலைப் பிரித்தறிவது எப்படி?

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் கடற்படையின் பலத்தை 15,000 பேருக்குள் அடக்கியது. மாலுமிகள் 12 ஆண்டுகளும் அதிகாரிகள் 25 ஆண்டுகளும் தொடர்ந்து பணியாற்ற வேண்டும் என்றும் விதித்தது. ஆட்கள் குறைவு என்பதால் 1935க்கு முந்தைய பணிப்புத்தகங்களும் நற்சான்றுகளும் இன்று அரிதாகவே கிடைக்கின்றன. அரிய பொருளுக்கு விலை ஏறும்போது போலிகளும் புறப்பட்டுவிடுகின்றன.

சேகரிப்பாளர் முதலில் கையில் எடுப்பது 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைத்தான். காகிதத்தை வெண்மையாகக் காட்டச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளியிடுகின்றன. காகிதத் தொழிலில் இவை பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே என்பதால், 1930களின் தாள் இருட்டில் மங்கலாகத் தெரிய வேண்டும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். 1983இல் ஸ்டெர்ன் இதழ் வெளியிட்ட ‘ஹிட்லர் நாட்குறிப்புகள்’ சிக்கியதும் இப்படித்தான்: தாளில் வெண்மையூட்டியும் நூற்கட்டில் பாலியஸ்டர் இழையும் இருந்தன. அதற்கு முன் அவற்றைப் பார்த்த கையெழுத்து நிபுணர்கள் ஏமாந்ததற்கு ஒரு காரணம், ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குத் தரப்பட்ட மாதிரிகளிலும் அந்த நாட்குறிப்புகளைப் போலியாக எழுதிய மோசடிக்காரர் கொன்ராட் குயாவின் கைவண்ணம் கலந்திருந்தது.

ஆனால் இந்த விளக்கு பொய்யைக் காட்டிக்கொடுக்குமே தவிர, மெய்க்குச் சான்று தராது. எழுதப்படாமல் எஞ்சிய உண்மையான பழைய படிவத்தில் நேற்று எழுதினாலும் தாள் ஒளிராது. அங்கே மைதான் பேச வேண்டும். அக்கால அலுவலகங்களில் பெரிதும் புழங்கிய, மாசிக்காய்ச் சாறும் இரும்பு உப்பும் கலந்த மை, காற்றுப் பட்டுக் கறுத்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். பந்துமுனைப் பேனாவோ 1940களில்தான் கடைக்கு வந்தது. மடிப்புக் கோட்டை லென்ஸில் பார்ப்பது இன்னும் பயன் தரும். எழுதிய பின் மடித்த தாளில் இழைகளோடு மையும் சேர்ந்து உடைந்திருக்கும்; மடித்துப் பழசான தாளில் பின்னர் எழுதினால், உடைந்த இழைகளுக்குள் மை கசிந்து மடிப்பு நெடுகச் சிறு கிளைகளாக ஓடியிருக்கும். பாதி புகைப்படத்திலும் பாதி தாளிலுமாக விழுந்த முத்திரையின் வளைவு, இரு துண்டிலும் பிசகாமல் தொடர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது உள்ளடக்கம், என் கணிப்பில் போலிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஜெர்மன் கடற்படையின் ‘ரைக்ஸ்மரீன்’ என்ற பெயர் 1935இல்தான் ‘க்ரீக்ஸ்மரீன்’ ஆனது. ஆகவே 1933ஆம் ஆண்டுப் பதிவில் புதிய பெயருள்ள முத்திரை இருக்க வழியில்லை. ‘அட்மிரல் கிராஃப் ஸ்பே’ போர்க்கப்பல் பணியில் இணைந்தது 1936 ஜனவரியில். ‘டாய்ச்லாண்ட்’ கப்பல் ‘லுட்ஸோவ்’ என்று பெயர் மாறியது போர் தொடங்கிய பிறகு. 1937 பதிவில் அக்கப்பலுக்கு இப்பெயர் இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. போருக்குச் சற்று முந்தைய ஆண்டுகளின் மாலுமி எண்ணில், சாய்கோட்டுக்குப் பின் வரும் இரு இலக்கங்கள் அவர் சேர்ந்த ஆண்டைச் சொல்லும். அது உள்ளே எழுதிய தேதியோடு பொருந்த வேண்டும்.

ஒருவரின் பணிப்புத்தகம், பயிற்சிச் சான்று, விடுவிப்புத் தாள் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் ஒன்றை ஒன்று சரிபார்க்கும். வணிகர்கள் கூடுதல் லாபத்துக்காக அவற்றைத் தனித்தனியே பிரித்து விற்பதுதான், எந்த மோசடியையும்விட இந்தத் துறைக்கு அதிகக் கேடு செய்கிறது; பிரிந்த தாள்களை மீண்டும் ஓரிடத்தில் சேர்ப்பது அநேகமாக நடப்பதில்லை.