இறக்கத்தில் நின்றுவிடும் வயதான குதிரை

"வயசு போயிற்று டொக்டர், அதான் இறங்குதில்ல." திருகோணமலையில் குதிரை வளர்ப்பவர்கள் மிகச் சிலர்தான், அந்தச் சிலரிடமும் நான் கேட்பது இந்த ஒரே பதில். வயது என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் ஒன்றும் தேட வேண்டியதில்லை, வசதிதான். ஆனால் சமதரையில் ஒழுங்காக நடந்து, ஏற்றத்தையும் ஒருமாதிரிச் சமாளித்துவிட்டு, உவர்மலை மாதிரிச் சரிவில் கீழே இறங்கும்போது மட்டும் கால் ஊன்றி நின்றுவிடும் குதிரைக்கு எங்கோ நோகிறது, இல்லையென்றால் தன் கால் எங்கே படுகிறது என்று அதற்கே சரியாகத் தெரியவில்லை.

சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 வீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. இறக்கத்தில் அது இன்னும் கூடும், பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கி வந்து பிரேக் பிடிக்க வேண்டும்.

நான் முதலில் முன் குளம்பைத்தான் தூக்கிப் பார்ப்பேன். குதிரைக் குளம்பை ஒழுங்காகச் சீவி லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் இங்கே லேசில் கிடைப்பதில்லை, அதனால் நுனி நீண்டு குதி தாழ்ந்துபோய், குளம்புக்குள்ளே இருக்கும் படகெலும்பின்மேல் ஓடுகிற தசைநாண் ஒவ்வொரு அடிக்கும் இழுபடுகிறது. இதைவிட மோசமானது குளம்பு அழற்சி. குளம்புக்கு மேலேயுள்ள கணுவின் பின்பக்கம், இரண்டு ஓரங்களிலும் விரலை வைத்துப் பாருங்கள்: நல்ல காலில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அழற்சி இருந்தால் விரலுக்கடியில் துள்ளும், குளம்பும் சுடும். 15 வயதைத் தாண்டிய குதிரை, கச்சான் அடிக்கும் ஆடி வெயிலிலும் ரோமம் உதிராமல் நீண்டு சுருண்டு நிற்கிறது, தண்ணீரும் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறது என்றால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். அது இருந்தால் குளம்பு அழற்சி திரும்பத் திரும்ப வரும். இரத்தத்தைப் பரிசோதிக்காமல் இப்படியான குதிரைக்கு ஸ்டெரொய்ட் ஊசி போடச் சம்மதிக்காதீர்கள்.

பின்னங்காலில் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான். பின் குளம்பின் நுனி மட்டும் தேய்ந்திருந்தால், இறக்கத்தில் நேராக வராமல் பக்கவாட்டாகச் சரிந்து வந்தால், அங்கே சந்தேகப்படலாம். தொடைத்தசை மெலிந்த கிழட்டுக் குதிரைக்கு முழங்கால் சில்லு கொளுவிக்கொள்வதும் உண்டு, கால் ஒரு கணம் பின்னால் நீட்டியபடியே நின்று பிறகு சட்டென்று விடுபடும். முதுகு நோவையும், இறக்கத்தில் முன்னால் வழுகித் தோளில் போய் இடிக்கும் சேணத்தையும், கண்புரையையும்கூட மறக்க வேண்டாம்.

நொண்டுவது வேறு, தள்ளாடுவது வேறு. கழுத்தெலும்பு தேய்ந்து முண்ணாணை, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டை அழுத்தினால், தலையை உயர்த்திப் பிடித்து லேசான சரிவில் நடத்தும்போது பின்கால்கள் பின்னிக்கொள்ளும். அப்புறம் எங்கள் பக்கத்தில் வரக்கூடிய இன்னொரு பிரச்சினை: செட்டாரியா என்ற புழு மாட்டின் வயிற்றறைக்குள் பெரிதாகத் தொந்தரவு கொடுக்காமல் வாழும், ஆனால் நுளம்பு அதைக் குதிரைக்கோ ஆட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுத்தால் இளம் புழு வழிதவறி மூளைக்கோ முண்ணாணுக்கோ போய்விடும், பின்னங்கால் செயலிழந்துவிடும். இதற்கு வயது வித்தியாசம் கிடையாது. மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் குதிரையைக் கட்டிவைத்திருப்பவர்கள், அது சில நாட்களுக்குள் தள்ளாட ஆரம்பித்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம். தள்ளாடும் குதிரையில் யாரும் ஏறவும் வேண்டாம், விழுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

மிருக வைத்தியர் பார்க்கும் முன்பே மிச்சம் கிடந்த பியூட்டசோன் என்ற நோ மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நோ மறைந்துவிடும், நான் போய்ப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, வயதான குதிரைக்கு இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். அதற்குப் பதில், ஆள் ஏறாமல், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஒரு சிறிய சரிவில் இறக்கி, பக்கத்தில் நின்று ஒரு தடவையும் பின்னால் நின்று ஒரு தடவையும் போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள். பின்னால் நிற்பவர் உதை எட்டாத தூரத்தில் நிற்கட்டும்.