ஒருவரைத் தேடாதீர்கள், ஏழு பேரையும் தேடுங்கள்

லண்டனில் குடும்ப வரலாற்று ஆவணங்களைத் தேடிக் கொடுப்பது என் தொழில். வருகிற வேலைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது ஒன்று: இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் ஏறிப் போய்த் திரும்பாதவர்களைத் தேடுவது. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்டப் பாதி.

இங்கே முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறைய. கட்டிலுக்குப் பக்கத்தில் சீருடை அணிந்த இருபது வயதுப் பையனின் படம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யார் என்று கேட்டால் அண்ணன் என்பார்கள், மாமா என்பார்கள். "என்ன ஆனார் என்றே தெரியாது" என்பார்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு கோப்பில் யாராவது எழுதி வைத்திருப்பார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பது தாண்டிய ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். தாய்மாமன் 1944இல் லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். ஒரு பிஸ்கட் டின்னை மேசையில் வைத்துத் திறந்தார். மேலே தந்தி. மடித்து மடித்துக் கிழிந்துபோன இடத்தில் ஒட்டுத்தாள் போட்டிருந்தது, அதுவும் பழுத்து உதிர்ந்தது. அதன் கீழே, ஆறு மாதம் கழித்து வந்த கடிதம்: காணாமல் போனவர் இறந்துவிட்டதாகவே கருதப்படுகிறார். "அம்மா கடைசிவரை நம்பவில்லை. நினைவு தப்பி எங்கேயோ இருக்கிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார்.

அவர் அதுவரை மாமாவின் பெயரை மட்டுமே தேடியிருந்தார். பெயர் கிடைத்த இடம் இங்கிலாந்தில் உள்ள ரன்னிமீட் நினைவிடம். கல்லறை இல்லாத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் அங்கே கல்லில் வெட்டியிருக்கின்றன, 1953இல் திறந்தார்கள். அங்கே பெயரைப் பார்த்ததும் இதற்குமேல் ஒன்றும் இல்லை என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டாம்.

லங்காஸ்டரில் ஏழு பேர். விமானி, பொறியாளர், வழி கணிப்பவர், குண்டு வீசுபவர், வயர்லெஸ் ஆபரேட்டர், மேலே ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் ஒரு துப்பாக்கிக்காரர். ஒருவருக்கு நேர்ந்தது பெரும்பாலும் மற்ற ஆறு பேரின் கோப்பிலும் இருக்கும். ஏழு பெயரும் ஒரே இடத்தில் கிடைப்பது அவர்கள் பறந்த ஸ்குவாட்ரனின், அதாவது விமானப் பிரிவின், நடவடிக்கைப் பதிவேட்டில். அது லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏர் 27 (AIR 27) என்ற வரிசையில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். புறப்பட்ட நேரம், இலக்கு, ஏற்றிய குண்டு எல்லாம் இருக்கும். திரும்பாத விமானத்துக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே ஒரு வரி: புறப்பட்ட பின் எந்தத் தகவலும் இல்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த வரியில் கண் நின்றுவிடுகிறது.

அந்த டின்னின் அடியில் தட்டச்சு செய்த ஒரு தாள் கிடந்தது. ஆறு விலாசங்கள். விமானம் திரும்பாதபோது, கூடப் பறந்தவர்களின் வீட்டு முகவரிகளை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்புவது அன்றைய வழக்கம். அம்மையார் அதை வேண்டாத காகிதம் என்று நினைத்திருந்தார். விமானியின் தாயார் விலாசம் ஆஸ்திரேலியாவில் இருந்தது. எனக்கு அது போதும். ஆஸ்திரேலியத் தேசியக் காப்பகத்தின் ஏ705 வரிசையில் அந்நாட்டு விமானப்படையினரின் இழப்புக் கோப்புகள் இருக்கின்றன. பலவற்றை வீட்டில் உட்கார்ந்தே இலவசமாகப் படிக்கலாம். குழுவில் ஓர் ஆஸ்திரேலியர் இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படையின் தேடல் பிரிவினர் ஊர் ஊராகப் போனார்கள். பாதிரியார், கல்லறை வெட்டியவர், பால்காரர் என எல்லாரையும் விசாரித்து, அடையாளம் தெரியாத குழிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். வீரர்களின் கழுத்தில் இருந்த அடையாள வில்லை நாரால் ஆனது, எரியும், மக்கும். ஆகவே சட்டையில் இருந்த சலவைக் குறி, ஆஸ்திரேலியச் சீருடையின் கருநீலம், எஞ்சினில் பொறித்த எண் என்று கிடைத்ததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். விமானியின் கோப்பில் அப்படிப்பட்ட ஓர் அறிக்கை இருந்தது. விமானம் சதுப்பில் விழுந்திருந்தது. நான்கு உடல்களைக் கிராமத்தார் அடக்கம் செய்திருக்கிறார்கள், அதில் இரண்டுதான் அடையாளம் தெரிந்தன. மற்ற மூவர் விமானத்தோடு ஆழத்தில். மாமா, பெயர் தெரியாத அந்த இரண்டு கல்லறைகளில் ஒன்றில் இருக்கிறாரா, சதுப்பிலா என்று இன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் விடை வருகிறது. 1943 மார்ச்சில் பெர்லின் போய்த் திரும்பும் வழியில் மறைந்த, ஸ்டெர்லிங் என்ற வகைப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்று நெதர்லாந்தின் மார்க்கர்மேர் ஏரியில் கிடந்தது. 2008இல் ஒரு படகின் நங்கூரம் அதில் சிக்கியதால் வெளிப்பட்டது. முதலில் அதே இரவில் தொலைந்த வேறொரு ஸ்டெர்லிங் என்று நினைத்தார்கள். பெயரின் முதலெழுத்துகள் பொறித்த ஒரு சிகரெட் பெட்டித் துண்டுதான் அது பிகே716 என்ற எண்ணுள்ள விமானம் என்று காட்டியது. 2020இல் எடுத்தார்கள்.

தேடும்போது பெயரைவிட, வீரருக்குக் கொடுத்த சேவை எண்ணை நம்புங்கள். சாதாரண வீரராகச் சேர்ந்து அதிகாரியானவருக்கு இரண்டு எண்கள் இருக்கும், இரண்டிலும் தேடுங்கள். ரன்னிமீட்டில் பெயர் இல்லையென்றால் பதற வேண்டாம். மத்தியதரைக் கடல் பகுதியில் பறந்தவர்களுக்கு மால்டாவிலும், நம் பக்கம் இந்தியா, இலங்கையிலிருந்து பறந்து கல்லறை கிடைக்காதவர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் நினைவிடம் உண்டு.

ரகசியக் கோப்பு என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் கவனம். அவர்கள் கொடுப்பதில் பாதி இலவசமாகக் கிடைப்பதுதான். விழுந்த இடம் தெரிந்தாலும் தோண்டாதீர்கள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். அங்கே ஒருவர் கிடக்கிறார் என்பதையும் நினைக்க வேண்டும்.

இன்னொன்று. கோப்பில் இருப்பதை அப்படியே வயதானவர்களிடம் படித்துக் காட்டாதீர்கள். உடல் இருந்த நிலையை அந்த அறிக்கைகள் ஒளிவுமறைவின்றிச் சொல்லும். நான் முதலில் கேட்டுக்கொள்வேன்: எவ்வளவு தெரிய வேண்டும்? அந்த அம்மையார் கொஞ்ச நேரம் யோசித்து, "தனியாக இருந்தாரா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

இல்லை, கூட ஆறு பேர் இருந்தார்கள் என்றேன். அந்த விலாசத் தாளை எடுத்து ஆறு பெயரையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். விமானியின் தங்கை மகளுக்கு அவர் எழுதிய கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன்.