பாஷாணம்: கல்லா, நஞ்சா?

வங்கத் தொல்லியலாளர் ராக்கல்தாஸ் பானர்ஜி எழுதிய நாவல்களின் பட்டியலில் 'பாஷாணேர் கதா' என்ற பெயரைப் பார்த்ததும், யாரோ யாருக்கோ விஷம் வைக்கிற கதை என்றுதான் நினைத்தேன். சேலத்துக்காரன் காதில் பாஷாணம் என்று விழுந்தால் எலிப் பாஷாணம்தானே நினைவுக்கு வரும்? புத்தகத்திலோ விஷமே இல்லை. பேசுவது ஒரு கல். பார்ஹுத் பௌத்தத் தூபியில் இருந்த கல், தான் கண்ட காலங்களைத் தானே சொல்கிறது. 1914இல் வந்த வங்க நூல் அது.

பாஷாணம் வடசொல். அதன் முதற்பொருள் கல், பாறை என்பதே. வங்காளத்தில் இன்றும் அப்படித்தான். நாம் கல்நெஞ்சன் என்கிற ஆளை அவர்கள் 'பாஷாண்' என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள் வைத்தியர்கள். தாளகம், மனோசிலை என்று மண்ணிலிருந்து கட்டியாகக் கிடைக்கும் நச்சுச் சரக்குகளை அவர்கள் பாஷாணம் என்றார்கள். (மனோசிலையின் வாலிலேயே 'சிலா', அதாவது கல், ஒட்டிக்கொண்டிருக்கிறது.) இயற்கையாகக் கிடைக்கும் பிறவிப் பாஷாணம் 32, செய்து எடுக்கும் வைப்புப் பாஷாணம் 32, ஆக 64 என்பது சித்த மருத்துவக் கணக்கு. பழனியின் நவபாஷாணமும் இந்த வகைதான். பேச்சுவழக்கில் கல் உதிர்ந்துவிட்டது, நஞ்சு நின்றுவிட்டது.

ஏற்காட்டு அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பது மேக்னசைட். ஊரில் அதற்குப் பேர் வெள்ளைக்கல். இரும்பு உருக்கும் உலைக்குள் வெப்பம் தாங்கும் செங்கல் ஆவது அது. வைத்தியர் சொல்லும் வெள்ளைப் பாஷாணமோ ஆளையே கொல்லும் ஆர்சனிக். வடமொழிக் கண்ணால் பார்த்தால் இரண்டு பெயருக்கும் ஒரே பொருள்!

கல் என்ற பழைய பொருள் தமிழில் அடியோடு செத்துவிடவும் இல்லை. பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வாசல் நிலையில் காப்புக் கட்டுகிறோமே, பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளைக் கதிர் விட்ட பூளைப்பூ, அந்தச் சிறுபீளைக்குப் பாஷாணபேதி என்றும் பேர் உண்டு. சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று நம்பி வைத்த பெயர். இங்கே பாஷாணம் அசல் கல்லேதான். பாசண்டம் என்றொரு சொல்லும் இருக்கிறது. அது சமயக் கொள்கையைச் சேர்ந்தது, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பானர்ஜி 1885இல் பிறந்தவர், கல்வெட்டும் நாணயமும் படித்த தொல்லியலாளர். மொகஞ்சதாரோவின் பழமையை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர். 1922இல் அங்கே பௌத்தத் தூபியைத் தோண்டப் போய், அதைவிட மிகப் பழைய நகரத்தின் முத்திரைகளை எடுத்தார். 'சசாங்கா', 'தர்மபாலா' என்று மன்னர்களை வைத்தும் நாவல் எழுதினார். 1930இல் மறைந்தபோது வயது 45தான். எனக்கு அவருடைய மன்னர்களைவிட அந்தக் கல்லைத்தான் பிடித்திருக்கிறது. சேர்வராயன் மலையில் கிடைக்கும் புதிய கற்காலக் கோடாரிகளை மலைக்காரர்கள் பிள்ளையார் என்று கோயிலில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அவற்றுக்கும் வாய் இருந்தால் ஒரு நாவல் தேறும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நூற்பெயருக்கு 'கல்லின் கதை' போதும். பொதுவான விஷத்துக்கு நஞ்சு. வைத்தியச் சரக்கை மட்டும் நஞ்சு என்று மாற்றினால் பாம்பின் நஞ்சும் அதில் கலந்துவிடும். அங்கே 'பாடாணம்' என்று அகராதியில் இருக்கும் தமிழ் வடிவமே நல்லது. 'கல்நஞ்சு' என்றும் ஆக்கிப் பார்க்கலாம், எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் கடைத்தெருவில் போய் 'எலிக்கு ஒரு பாக்கெட் கல்நஞ்சு குடுங்க' என்று கேட்டால், கடைக்காரர் கல்லாவை மூடிவிட்டு நம் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்.