மருந்துப்போலி

கொரோனா நிமோனியாவுக்கு மருந்து தேடிய 2020-இல் அடிக்கடி காதில் விழுந்த சொல் ‘பிளாசிபோ’. இதைத் தமிழில் ‘போலி மருந்து’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனம் உறுத்தும். போலி மருந்து என்பது நோயாளியை ஏமாற்றி விற்கும் கள்ளச்சரக்கு. பிளாசிபோ அப்படிப்பட்டதல்ல; மருந்து ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துபோலவே தோற்றமளிக்கும்படி தரப்படும் மருந்தற்ற பொருள் அது.

சொல் லத்தீன், ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள். சங்கீதம் 116:9-இல் தமிழ் வேதாகமம் எபிரேயத்தை ஒட்டி ‘நடப்பேன்’ என்கிறது. கிரேக்கத்தைப் பின்பற்றிய லத்தீன் பைபிளிலோ அந்த இடத்தில் ‘பிளாசிபோ’ நிற்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் இறந்தவர்களுக்கான மாலைச் செபம் இந்த வரியோடு தொடங்கியதால் செபத்துக்கே அந்தப் பெயர் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் முகத்துதி பாடுகிறவனுக்குப் பெயராகி, 18-ஆம் நூற்றாண்டில் மருத்துவத்துக்குள் நுழைந்தது. குணமாக்குவதைவிட நோயாளியின் மனத்திருப்திக்காகக் கொடுக்கும் மருந்து என்று 1811-இல் ஒரு மருத்துவ அகராதி பொருள் சொன்னது.

இன்றைய ஆய்வில் அதன் வேலை வேறு. வைரஸ் நிமோனியா வந்தவர்களில் பலர் தாமாகவே தேறிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு மருந்து கொடுத்திருந்தால் பெயர் மருந்துக்குப் போய்விடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதனால் குலுக்கல் முறையில் ஒரு பாதிப்பேருக்கு மருந்தும், மறுபாதிக்கு மருந்தற்ற அதே தோற்றமுள்ள ஒன்றும் தருகிறார்கள். கொரோனாவுக்கு ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சோதித்த அமெரிக்க அரசின் ஆய்வில் 1,062 பேர் இருந்தார்கள். ஐரோப்பாவில் சில இடங்களில் பிளாசிபோவாக வெறும் சலைனே (உப்புநீர்) ஏறியது. வித்தியாசம் தெரியாதிருக்க பையையும் குழாயையும் உறையிட்டு மூடினார்கள். மருந்து பெற்றவர்கள் தேற 10 நாள், மற்றவர்களுக்கு 15 நாள் (இரண்டும் இடைநிலை அளவு, அதாவது பாதிப்பேர் தேற ஆன நாள்). உயிரைக் காத்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. மறுபாதி இல்லாமல் இதில் எதையுமே சொல்லியிருக்க முடியாது.

சரி, தமிழில்? ‘மருந்துப்போலி’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘போல்’ என்பதிலிருந்து வந்த ‘போலி’க்கு ஏமாற்று என்ற பொருள் மட்டுமில்லை. இலக்கணத்தில் பந்தல் ‘பந்தர்’ ஆவதும், அறம் ‘அறன்’ ஆவதும் போலிதான். ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நிற்கிறது, அவ்வளவே. மருந்தின் இடத்தில் மருந்துபோல நிற்பது மருந்துப்போலி. சொல்லைத் திருப்பிப் போட்டால் பொருளே கெட்டுவிடுகிறது.

ஆய்வுக்கான சம்மதப் படிவத்தில், ‘உங்களுக்கு மருந்தோ மருந்துப்போலியோ கிடைக்கலாம், ஆக்சிஜனும் வழக்கமான சிகிச்சையும் எல்லோருக்கும் உண்டு’ என்று எழுதலாம். மூச்சுத்திணறும் அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டு நிற்கும் மகளிடம், ‘போலி மருந்து தரப்படலாம்’ என்றெழுதிய தாளை நீட்டினால் எப்படிக் கையெழுத்துப் போடுவாள்?