கொழுப்பு ஏன் அந்த முக்கிலேயே போய்ப் படிகிறது?

கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) செய்யும்போது ப்ரோப்பைக் கழுத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே போவோம். கரோட்டிட் தமனி ஒற்றைக் குழாயாக நேராக ஏறிவரும் வரை பெரும்பாலும் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. தாடைக்குச் சற்றுக் கீழே, மூளைக்கு ஒன்றும் முகத்துக்கு ஒன்றுமாக அது பிரியும் இடம் வந்ததும் கை தானாக நிதானிக்கும். கொழுப்புப் படிவு இருந்தால் அங்கேதான் இருக்கும். அதிலும் மூளைக்குப் போகும் கிளை தொடங்குகிற புடைப்பில், கவட்டைக்கு எதிர்ப்பக்கச் சுவரில்.

திரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எல்லா இடத்துலயும் ஒரே ரத்தம்தானே டாக்டர் ஓடுது, அங்க மட்டும் ஏன்?"

கேட்க வேண்டிய கேள்விதான். கொலஸ்ட்ரால், சுகர், பிபி, சிகரெட் எல்லாமே உடம்பு முழுவதையும் தாக்குபவை. ஆனால் படிவு இடம் பார்த்துத்தான் உட்காருகிறது. கழுத்தில் இந்தக் கவட்டை, இதயத்தில் இடது பக்கத் தமனி கிளை பிரிகிற தொடக்கப் பகுதி, வயிற்றில் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து கால்களுக்கு இறங்கும் பகுதி. கை ரத்தக்குழாய்களில் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

ஓடும் ரத்தம் சுவர் மீது இரண்டு விதமாகச் செயல்படுகிறது. ஒன்று, சுவரை வெளியே தள்ளும் அழுத்தம். நாம் பிபி என்று அளப்பது அதைத்தான். 120 என்று காட்டினால் அது, அழுத்தத்தை அளக்கும் இன்னொரு அலகில், சுமார் 16,000 பாஸ்கல். இன்னொன்று, ரத்தம் சுவரை உரசிக்கொண்டு போகும்போது சுவரின் உள்பரப்பை ஓட்டத்தின் திசையில் இழுக்கும் விசை. ஆரோக்கியமான தமனியில் அது 1 முதல் 7 பாஸ்கல்தான். முதலாவதோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் படிவுக்கு இடம் குறித்துக் கொடுப்பது இந்தச் சின்ன விசைதான். அழுத்தம் பெரிய தமனிகளில் எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் அது தனியாக இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

எந்தப் பக்கமாகத் தேர்ந்தெடுக்கிறது என்பதில் 1960களில் ஒரு சர்ச்சை இருந்தது. வேகமாக உரசும் இடத்தில் உள்படலம் கிழிந்து, அங்கேதான் நோய் தொடங்குகிறது என்பது ஒரு கட்சி. அமெரிக்காவில் டொனால்ட் ஃப்ரை நாய்களின் பெருந்தமனியில் செய்த சோதனையில், உரசல் மிக அதிகமானால் உள்படலச் செல்கள் சேதமாவதை 1968இல் காட்டினார். அடுத்த ஆண்டே லண்டனில் காலின் காரோவும் அவருடைய குழுவினரும் நேர்மாறாகச் சொன்னார்கள்: உரசல் குறைவாக உள்ள இடத்தில்தான் படிவு. 1980களில் சிகாகோவில் கிறிஸ்டோஃபர் ஸரின்ஸ், சீமோர் கிளாகோவ் ஆகியோரின் குழு, இறந்தவர்களின் கரோட்டிட் தமனிகளில் படிவு எங்கே தடித்திருக்கிறது என்று அளந்து, அதே வடிவ மாதிரிக் குழாயில் ஓட்டத்தையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டது. காரோ சொன்னதே பொருந்தியது. கவட்டையின் முனையில் ரத்தம் நேராக வந்து மோதி வேகமாக உரசிப் போகும் சுவர் சுத்தமாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஓட்டம் சுவரை விட்டு விலகி, ஒவ்வொரு துடிப்பிலும் முன்னும் பின்னும் அலைகிற இடத்தில் படிவு இருந்தது.

காரணம் சுவரை உள்ளே போர்த்தியிருக்கும் எண்டோதீலியம் என்கிற ஒற்றை அடுக்குச் செல்கள். அவை உரசலை உணர்பவை. ஒரே திசையில் சீராக உரசினால் ஓட்டத்தின் போக்கில் நீண்டு வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. உரசல் 0.4 பாஸ்கலுக்கும் கீழே போய், திசையும் மாறிக்கொண்டே இருந்தால் அதே செல்கள் ஒழுங்கில்லாமல் பலகோண வடிவில் கிடக்கின்றன. செல்களுக்கு இடையில் கசிவு அதிகமாகி, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் உள்ளே நுழைகிறது. வெள்ளணுக்களைப் பிடித்து இழுக்கும் ஒட்டுப் புரதங்களும் பரப்பில் முளைக்கின்றன.

கலர் டாப்ளர் கற்றுக்கொள்ள வருபவர்கள் இந்த இடத்தில் ஒருமுறையாவது பயந்துவிடுவார்கள். ஓட்டத்தின் திசையை நிறமாகக் காட்டும் திரையில், சிவப்பாக ஓடும் ரத்தத்தின் நடுவே, புடைப்பின் ஓரத்தில் ஒரு நீலத் திட்டு தெரியும். ஓட்டம் கொஞ்சம் பின்னோக்கித் திரும்புகிறது என்று அர்த்தம். அது நோய் இல்லை, எனக்கும் உங்களுக்கும் பிறவியிலேயே அமைந்த வடிவத்தால் வருவது. சொல்லப்போனால் படிவு வளர்ந்து அந்தப் புடைப்பை நிரப்பிவிட்டால்தான் நீலம் காணாமல் போகும்.

வடிவம் எல்லோருக்கும் இருக்கிறது, நோய் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஓட்டம் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்; உள்ளே சேரும் சரக்கு எல்டிஎல். அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. நுரையீரல் தமனியிலும் அதே கொலஸ்ட்ரால் ரத்தம்தான் ஓடுகிறது, அதிலும் கவட்டைகள் ஏராளம். ஆனால் அங்கே அழுத்தம் குறைவு, அது ஏறாத வரை பெரிதாகப் படிவதில்லை. காலில் இருக்கும்போது இந்த நோயே வராத சிரையை எடுத்து பைபாஸில் வைத்தால், தமனியின் அழுத்தத்தில் சில வருடங்களில் அதிலும் படிவு வருகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். போர்வெல் தண்ணீர்க் குழாயில் உப்பு படிவது போல ரத்தக்குழாயின் உள்ளே கொழுப்பு பூசிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும் என்ற வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றுகிறது. படிவு உள்படலத்துக்கு அடியில், சுவருக்குள்ளே வளர்கிறது. ரத்தத்தில் எதைக் கலந்தாலும் கழுவிக்கொண்டு போக அது மேலே ஒட்டியிருக்கவில்லை. இந்தக் கஷாயத்தை நம்பி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

சுவருக்குள் வளர்வதால் இன்னொரு சிக்கல். தமனி வெளிப்பக்கமாக விரிந்து கொடுத்துச் சமாளிக்கும். கிளாகோவ் 1987இல் இதயத் தமனிகளில் காட்டியது இதைத்தான்: உள்படலத்துக்கும் தசையடுக்குக்கும் இடையே உள்ள மீள்படலம் சூழ்ந்திருக்கும் பரப்பில் 40 சதவீதம் அளவுக்குப் படிவு நிரம்பும் வரை ரத்தம் ஓடும் பாதை பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே ரிப்போர்ட்டில் "குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை" என்று இருந்தால் படிவே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படிவைப் பற்றித் தனி வரி இருக்கும், அதைப் படியுங்கள். பாதை குறுகிய பிறகு கதை மாறும்: அந்தக் குறுகலான இடத்தில் உரசல் பல மடங்கு ஏறி, ரத்தத் தட்டுகளைத் தூண்டும். அந்தக் கட்டத்தில் ஃப்ரை சொன்னதையும் தள்ளிவிட முடியாது.

சரி, பிறவி வடிவத்தை மாற்ற முடியாது, ஓட்டத்தை? கொஞ்சம் முடியும். ஓய்வில் உட்கார்ந்திருக்கும்போது அடிவயிற்றுப் பெருந்தமனியில் ரத்தம் முன்னும் பின்னும் அலைகிறது. எம்ஆர்ஐக்குள் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், இதயத்துடிப்பு ஒன்றரை மடங்காகும் அளவுக்கு மிதமாக சைக்கிள் மிதித்ததும் அந்தப் பின்னோட்டம் மறைந்து உரசலும் உயர்ந்தது. மூச்சு லேசாக வாங்கும் வேகத்தில் நடக்கச் சொல்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நடப்பதால் மாத்திரை வேண்டாம் என்று ஆகாது.

கழுத்தில் படிவு என்று தெரிந்தவர்கள் அங்கே மசாஜ் செய்துகொள்ளாதீர்கள். சலூனில் தலையை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதையும் விட்டுவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதயத்தையும் கால் நாடியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பக்கம் வாய் கோணுவது, கை தொய்வது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் திரை விழுந்தது போல இருள்வது இவற்றில் எது வந்தாலும், பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும்கூட, தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.