தாழ்த்தேற்றம்: ஒரு சொல் விளக்கம்

வேதிவினைகளை வகை பிரிக்கும்போது பலரும் தடுமாறும் இடம் ரெடாக்ஸ். ரிடக்‌ஷன், ஆக்சிடேஷன் (முறையே ஒடுக்கம் அல்லது தாழ்த்தல், ஆக்சிஜனேற்றம்) என்ற இரண்டு சொற்களின் தலைகளை ஒட்டிச் செய்த பெயர் இது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை’ என்கின்றன. இலங்கை வழக்கில் இது ‘தாழ்த்தேற்றத் தாக்கம்’.

ஆக்சிஜன் என்ற பெயரை வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. கிரேக்க வேர்ப்படி ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பது பின்னால் தெளிவானது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ரிடக்‌ஷனுக்கு லத்தீன் வேர். ‘திரும்பக் கொண்டுவருதல்’ என்று பொருள். தாதுவைக் கரியுடன் சூடாக்கினால் ஆக்சிஜன் விலகி உலோகம் மீள்கிறது அல்லவா, அந்த மீட்சிதான்.

ஒரு இரும்பு ஆணியைத் தாமிர சல்பேட் கரைசலில் போட்டுக் காத்திருங்கள். ஆணியின் மேல் செம்பழுப்பாகத் தாமிரம் படியும். கரைசலின் நீலம் வெளுத்து இளம்பச்சைக்கு மாறும். இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு ஆக்சிஜன் அணுகூட ஏறவில்லை! சல்பேட்டின் ஆக்சிஜன் சல்பேட்டிலேயே இருக்கிறது. இரும்பு 2 எலக்ட்ரான்களை இழந்தது, தாமிரம் அவற்றைப் பெற்றது, அவ்வளவுதான். இழப்பதை ஏற்றம் என்பதா என்று கேட்கத் தோன்றும். எலக்ட்ரான் எதிர்மின்சுமை உடையது. அது போகப் போக ஆக்சிஜனேற்ற எண், அதாவது அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்தது அல்லது பெற்றது என்று கணக்கு வைக்கும் எண், உயர்கிறது. இரும்புக்கு 0 என்பது +2 ஆகிறது. தாமிரத்துக்கு +2 என்பது 0 ஆகிறது. ஒன்று ஏற, மற்றொன்று தாழ்கிறது.

அதனால்தான் தாழ்த்தேற்றம் என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். தாழ்த்தலையும் ஏற்றத்தையும் ஒரே சொல்லில் பிணைத்து, ஒன்றில்லாமல் மற்றது நடக்காது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. ஒடுக்கம் என்றால் சுருங்குவதுதான் மனதில் படுகிறது.

ஒரு வினை தாழ்த்தேற்றமா என்று அறியவும் ஆக்சிஜனேற்ற எண்தான் வழி. எரிதல், ஆணியில் பார்த்த இடப்பெயர்ச்சி இரண்டும் எப்போதும் தாழ்த்தேற்றமே. சேர்க்கை வினையிலோ எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மெக்னீசியம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் ஆம். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். ஆனாலும் அதில் எந்த அணுவின் எண்ணும் மாறுவதில்லை, ஆகவே அது தாழ்த்தேற்றம் அன்று.