புளோக் புதுப்பிப்பு: பணம் கேட்கமாட்டார்கள், சம்மதம் கேட்பார்கள்

சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குகளின் சுற்றுப்புறத்தைப் புதுப்பிக்கும் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் பற்றி, புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றத்திலிருந்து தாள் வந்தால், கடை விளம்பரங்களோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

2007இல் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. 1999 வரை கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில், பழைய பெரிய மேம்பாட்டுத் திட்டங்களில் இடம்பெறாதவற்றுக்கு உரியது. ஒரே ஒரு புளோக்கை எடுத்துச் செய்யமாட்டார்கள். அடுத்தடுத்துள்ள குடியிருப்புகளைச் சேர்த்தே செய்வார்கள். செலவு முழுக்க அரசாங்கத்துடையது. வேலையை நடத்துவது நகர மன்றம்.

"எவ்வளவு கட்டணும்?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். இல்ல மேம்பாட்டுத் திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி அது. அந்தத் திட்டம் வீட்டுக்குள் நடப்பது: கழிவறை, கழிவுநீர்க் குழாய், பெயர்ந்து விழும் காரை. அதிலும் அவசிய வேலைகளுக்குச் சிங்கப்பூரர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. கழிவறையைப் புதுப்பிப்பது போன்ற விருப்ப வேலைகளுக்கு மட்டும், வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு கட்ட வேண்டும். நாம் பேசும் திட்டமோ வாசலுக்கு வெளியே நடப்பது. கட்டணமே கிடையாது.

ஆனால் 75 விழுக்காட்டு உரிமையாளர்கள் சரி என்றால்தான் வேலை தொடங்கும். 400 வீடுகள் இருந்தால் 300 வீடுகளின் சம்மதம் வேண்டும். 290 பேர் சரி என்று சொல்லி, மிச்சப் பேர் சம்மதப் படிவத்தைத் திருப்பியே கொடுக்கவில்லை என்றால் போதாது. எதிர்ப்பு மட்டுமல்ல, இந்த மௌனமும் தடைதான்.

சம்மதம் கேட்பதற்கு முன் கருத்துக்கேட்புக் கூட்டமோ, புளோக்கின் கீழே சிறு கண்காட்சியோ, கருத்துப் படிவமோ இருக்கும். வாய்ப்பு அங்கேதான். வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்) உட்காரும் இடம், புதிய தபால் பெட்டிகள், விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி மூலை, கார் வந்து நிற்கும் முகப்பு, கூரையிட்ட நடைபாதை எனப் பல கேட்கலாம். படத்தில் அழகாகத் தெரிவதால் எல்லாரும் விளையாட்டுத் திடலையே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பேருந்து நிறுத்தம் வரை கூரையிட்ட நடைபாதை இல்லாத இடத்தில் முதலில் அதைத்தான் கேட்பேன். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு இரண்டு கையிலும் பையோடு மழையில் இறங்கும் பாட்டிக்குக் குடை பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

கீழ்த்தளக் கடைகளுக்கும் நகர மையத்துக்கும் வேறு ஏற்பாடுகள் உண்டு. அவற்றை இந்தக் கருத்துப் படிவத்தில் எழுதிப் பயனில்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்துக்குப் போய்க் கருத்துச் சொல்லலாம். சம்மதக் கணக்கில் வருவது உரிமையாளரின் பதில்தான். வீடு அம்மா பெயரில் இருந்தால், தாளில் இருப்பதை அவருக்குப் படித்துக் காட்டி, கடைசித் தேதிக்குள் சம்மதப் படிவத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.